மூச்சை அளந்த மிஷின்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அதற்குமேல் படித்திருந்தால் எழுதி வைத்ததையெல்லாம் நம்புகிறவனாக ஆகியிருப்பேன். ராஜா ஆண்ட எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில் தலையில் கூடை சுமந்து ஊர் ஊராகக் கடலைக்காய் வாங்கி விற்கத் தொடங்கினேன். பொன்னமராவதியில் சொந்தமாகக் கடலை உடைக்கிற மிஷின் போடுகிற அளவுக்கு வந்தேன். ஒருத்தன் கை தூக்கி விடவில்லை. மூட்டையின் வாயில் தெரிகிற காயைப் பார்த்து விலை சொல்கிறவன் நான் இல்லை. அடிமூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அள்ளி, காதருகே வைத்துக் குலுக்குவேன். காய்ந்த காய் உள்ளே பேசும். தண்ணீர் தெளித்து எடை கூட்டிய காய் பேசாது. என் முன்னால் கூசாமல் நின்ற வியாபாரிகள் அந்தப் பக்கத்தில் குறைவு.

என் மூத்த மகளுக்கு வலி வந்தபோது அவளையும் அப்படித்தான் பார்த்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. நான் நம்பியிருந்தால் அவள் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அறுபதாம் வருஷத்தை ஒட்டி நடந்தது. அவளுக்குப் பதினாலு வயது. முதலில் கெண்டைக்கால் இழுக்கிறது என்றாள். பிறகு தோள், பிறகு இடுப்பு. காலையில் பாயை விட்டு எழுவதற்குள் மற்றப் பிள்ளைகள் குளித்துச் சாப்பிட்டுவிடும். கிணற்றுக் கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் கை மேலே போகாது. சித்திரை வெயிலில் போர்வை கேட்பாள். பேச்சும் மெதுவாகிக் குரல் தடித்துவிட்டது. அவள் வயதுப் பெண்களெல்லாம் வயசுக்கு வந்துவிட்டார்கள், அவள் வரவில்லை. உள்ளூர் டாக்டர் தைலம் கொடுத்தார், ஊசி போட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு முதல் சந்தேகம் அவள்மேல். வீட்டு வேலைக்கு வளையாமல் நடிக்கிறாளோ என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் சொன்னேன்.

"லாரி ஜெகதாப்பட்டினம் போகுது. கடல் பாக்க வாரவங்க ஏறிக்கலாம். இப்பவே கெளம்பணும்."

கடலைப் பார்க்க வேண்டும் என்று அவள் சின்னதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஓடின. இவள் சுவரைப் பிடித்து எழுந்து, நிலைப்படி வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போய்ட்டு வாங்கப்பா. சங்கு கெடந்தா எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் நடிப்பு என்று முடிவு கட்டியிருப்பேன். என் சந்தேகத்தில் பாதி அன்று கழன்றது. மீதியை வைத்துக்கொண்டேன்.

என் அக்காளைக் குன்றாண்டார்கோவில் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் வந்து பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி, இது நோவு இல்லடா. கண்ணு ரெண்டும் எப்படி இருக்கு பாரு, ஆளையே பாக்கல. புளியமரத்துப் பக்கம் ஏதோ தொட்டிருக்கு. எங்க ஊருல ஒருத்தர் இருக்காரு. சாட்டையால நாலு வச்சார்னா எறங்கிப் போயிரும்."

"நாலு வச்சா வலிக்குமே அத்தை" என்றாள் என் மகள்.

"ஒனக்கா வலிக்கும்? அதுக்குத்தான் வலிக்கும்."

"அதுக்கு வலிச்சா எனக்கும் வலிக்குதே. இப்ப வலிக்கிற மாதிரி."

அக்காள் என்னைப் பார்த்து, "கேட்டியா? அது பேசுது" என்றாள்.

அந்தச் சாட்டைக்காரனை எனக்குத் தெரியும். என்னிடம் ஈரக்காயை விற்க வந்தவன். ஆனாலும் வீட்டில் என் சம்சாரம் அக்காள் பக்கம் பாதி சாய்ந்துவிட்டாள். உறவுக்காரர்கள் முழுதும் சாய்ந்துவிட்டார்கள். அப்போதுதான் உள்ளூர் டாக்டர் மதுரைக்குப் போகச் சொன்னார். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதைச் சோதிக்க அங்கே ஒருவரிடம் மிஷின் இருக்கிறதாம். மகள் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் ஒன்றும் இல்லை. இல்லாத வீக்கத்துக்கு மதுரை எதற்கு? இந்த டாக்டருக்கும் அந்த டாக்டருக்கும் நடுவில் தரகு ஏதாவது இருக்குமோ? கடலை வியாபாரத்தில் நான் பார்க்காத தரகா?

போவது என்று முடிவு செய்தது அக்காளிடம் சொன்ன ஒரு வார்த்தையால்தான்.

"மதுரையில பாத்துட்டு வாரேன். அவங்க ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டா, நீ சொல்ற ஆளுகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

சொன்னால் சொன்னதுதான் என்று ஊரில் எனக்குப் பெயர். மகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சம்சாரத்தையும் மகளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். அந்த டாக்டர் வீட்டோடு ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பெயர் வேண்டாம். நரைத்த மனிதர், அவசரப்படாதவர். மகளின் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கையை, முடியை, நகத்தைப் பார்த்தார்.

"உடம்புக்குள்ள ஒரு அடுப்பு எரியுதுன்னு வச்சுக்குங்க. இந்தச் சுரப்பிதான் அதைத் தூண்டி விடுது. அது மந்தமாயிருச்சுன்னா உடம்பே மந்தம். குளிரும், சதை வலிக்கும், இழுக்கும். எவ்வளவு காத்து செலவாகுதுன்னு அளந்தா, அடுப்பு எப்படி எரியுதுன்னு தெரிஞ்சுரும்."

"காத்த எப்படி அளப்பீங்க?"

"நாளைக்குக் காலைல வந்து பாருங்க. பச்சத்தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. அலையவிடாமக் கூட்டிட்டு வாங்க."

வெறும் வயிற்றோடு ஏன் வரச் சொல்கிறார் என்று ராத்திரி முழுதும் சத்திரத்தில் யோசித்தேன். பட்டினி போட்டுத் தலை சுற்ற வைத்து, அதையே நோய் என்று காட்டுவார்களோ?

மறுநாள் மிஷின் இருந்த அறைக்குள் எங்கள் இரண்டு பேரையும் விடவில்லை. கதவில் கண்ணாடி வைத்திருந்தது, அதன் வழியாக நான் மட்டும் பார்த்தேன். ஒரு பெரிய தகர டின், அதிலிருந்து துதிக்கை மாதிரி ரப்பர்க் குழாய், பக்கத்தில் காகிதம் சுற்றிய உருளை, அதைத் தொட்டுக்கொண்டு ஒரு பேனா முள். மிஷினைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அவர் அவளைப் படுக்க வைத்து வெள்ளைத் துணியால் கழுத்து வரை மூடினார். காலைச் சேர்த்து வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தாள். பிறகு மூக்கை ஒரு கிளிப்பால் அடைத்து, குழாயை வாயில் வைத்து, கழன்றுவிடாமல் தாடையோடு தலைக்கு ஒரு பட்டை கட்டினார். உருளை சுற்றியது. முள் கோடு போட்டது.

சாயங்காலம் டாக்டர் காகிதத்தை விரித்து வைத்தார். அவர் முகமே சரியில்லை.

"நான் நெனச்சது தப்புங்க. அளவு சரியாத்தான் இருக்கு. சொல்லப்போனா கொஞ்சம் கூடவே இருக்கு. தைராய்டுல கோளாறு இல்ல."

"அப்ப வலி?"

"மனசுல ஏதாவது இருக்கலாம். வயசுப் பொண்ணு. வீட்டுல திட்டுறீங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதைவிட நான் அக்காளிடம் சொன்னதுதான் அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

சத்திரத்துக்குத் திரும்பும்போது என் சம்சாரம் முன்னால் போய்விட்டாள். மகள் பத்து அடிக்கு ஒருதரம் நின்று நின்று வந்தாள்.

"அப்பா, அத்தை ஊருக்கு நேராப் போறமா, வீட்டுக்குப் போய்ட்டுப் போறமா?"

"எதுக்குக் கேக்குற?"

"வீட்டுக்குப் போனா தடிப் பாவாடை இருக்கு, அதைக் கட்டிக்கிருவேன். சாட்டை ஒரைக்காது."

அவள் எனக்கு முன்னால் நடந்தாள். அப்போதுதான் அவளுடைய ரவிக்கையின் முதுகைப் பார்த்தேன். உப்புப் பூத்துத் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. அன்று காலையில்தான் அதை மாற்றிப் போட்டிருந்தாள். மிஷின் கட்டிலில் நனைந்து உடம்பிலேயே காய்ந்த வேர்வை.

என் மகளுக்கு வேர்க்காது. அந்த வருஷம் அக்கினி நட்சத்திரத்தில் வீட்டில் எல்லோரும் விசிறியும் கையுமாக இருந்தபோது இவள் தோல் சாக்கு மாதிரிக் காய்ந்து கிடந்தது. அப்படிப்பட்டவள், விடிந்து வெயில் ஏறாத நேரத்தில், காற்றாடி சுற்றுகிற அறையில், படுத்துக்கொண்டே வேர்த்திருக்கிறாள். எங்கோ தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. மூட்டையிலா, தராசிலா என்பதுதான் தெரியவில்லை.

"அந்த ரூமுல ஒனக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல."

"வேர்த்திருக்கே."

"தெரியலப்பா."

மறைக்கிறாள் என்று தெரிந்தது. எதை என்று தெரியவில்லை.

சம்சாரத்திடம் அவளை விட்டுவிட்டு நேரே திரும்பி டாக்டரிடம் போனேன். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரய்யா, புதுத் தராசு வாங்கினா நான் மொதல்ல அதுல எனக்குத் தெரிஞ்ச எடையை வச்சுப் பாப்பேன். ஒங்க மிஷின்ல என்னை வச்சுப் பாருங்க."

அவர் சிரித்தார். "ஒங்களுக்கு என்ன நோவு?"

"எனக்கு ஒரு நோவும் கெடையாது. இந்த வயசுல ஒரு மூட்டையத் தூக்கி லாரியில போடுவேன். சரியான ஆள்னு மிஷின் சொல்லுதான்னு பாக்கணும்."

"ஒங்களுக்கு மிஷின் மேல சந்தேகமா, என் மேலயா?"

"ரெண்டு பேரு மேலயும்."

வேறு டாக்டராக இருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார். இவர் காப்பியைக் குடித்து முடித்தார். "காலைல வெறும் வயித்தோட வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். சந்தேகப்படுகிறவனைக் கண்டு கோபிக்காதவன்தான் சரக்கு வைத்திருக்கிறவன்.

மறுநாள் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டிலில் படுத்தேன். வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். காலைச் சேர்த்து வைத்தேன். தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது, முள் போடுகிற கோட்டைப் பார்ப்பதற்காக. கிளிப்பைப் போட்டு மூக்கை அடைத்தார் மிஷின்காரர். தலையைச் சுற்றிப் பட்டை கட்டினார். வாயில் குழாய் இருந்ததால் கேள்வி கேட்க முடியவில்லை. எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. உருளை சுற்றுகிற சத்தத்தில் தூக்கம்கூட வந்தது.

என்னை உள்ளே விட்டு வெகுநேரமாகிவிட்டதே என்று என் சம்சாரம் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள்.

கதவு படாரென்று திறந்தது. "அய்யோ, என் சாமி" என்று ஒரு சத்தம். நான் கண்ணைத் திறப்பதற்குள் கிளிப்பு ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம் பறந்தது. பேனா முள் காகிதத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது. அவள் என்மேல் இருந்த துணியை உருவிச் சுருட்டி மிஷின்காரர் மேல் எறிந்தாள்.

"உசுரோட இருக்கிற மனுசனை நீட்டிப் போட்டு, கால சேத்து, மூக்க அடைச்சு, தாடையக் கட்டி, தலமாட்டுல வெளக்கு வேற வச்சிருக்கீங்களே. நான் பொட்டு வச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா ஒங்களுக்கு?"

"அம்மா, இது டெஸ்ட்டு" என்றார் மிஷின்காரர்.

"என்ன டெஸ்ட்டோ. வாய்க்கரிசி ஒண்ணுதான் பாக்கி. அதையும் போட்டுருங்க."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "ஏய், ஒண்ணுமில்ல. காத்துதான அளக்குறாங்க."

"நீங்க பேசாதீங்க. எந்திரிங்க. தல எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தீங்களா? வடக்க இருக்கு."

சத்தம் கேட்டு டாக்டர் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வாசலில் நின்று என் மகள் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

எல்லோரும் திரும்பினோம்.

"தாத்தாவுக்கு இப்படித்தான் பண்ணினாங்க" என்றாள்.

அவள் சொன்னது என் மாமனாரை. அதற்கு முந்தின வருஷம் எங்கள் வீட்டில்தான் இறந்தார். மூக்கில் பஞ்சு வைத்தது, துணியால் தாடையைக் கட்டியது, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து முடிந்தது, தலைமாட்டில் விளக்கேற்றியது, எல்லாவற்றையும் இவள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

"ஏத்தா, அதை நேத்தே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டேன்.

"வாயில குழாய் இருந்துச்சுல்ல. அப்பறம், சொன்னா பேய்தான் பேசுதுன்னு அத்தை சொல்லுவாங்க."

டாக்டர் அவள் பக்கத்தில் போய் நின்றார். "அப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சா?"

"காதுக்குள்ள கேட்டுச்சு. கட்டில் கட்டைய நல்லாப் பிடிச்சுக்கிட்டு, காலை மட்டும் துணிக்குள்ள மெதுவாப் பிரிச்சு வச்சுக்கிட்டேன். சேந்திருந்தா கட்டிருவாங்கன்னு."

டாக்டர் மிஷின்காரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பயந்தால், அசைந்தால், உடம்பை முறுக்கினால் காற்று அதிகம் செலவாகும் என்றார். மந்தமான அடுப்பும் நன்றாக எரிகிற மாதிரிக் காட்டிவிடும். முதல் காகிதம் செல்லாது, மறுபடி அளக்க வேண்டும். "இதை நான் கேட்டிருக்கணும்" என்றும் சொன்னார். நான் அவரைத் தேற்றவில்லை. ஆனால் வெளியே வந்ததும் சம்சாரத்திடம், மிஷினில் என்னைப் படுக்க வைக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். அவள் கட்டிலைத் திருப்ப ஆள் தேடிப் போய்விட்டாள். அது நான்தான் என்று அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

அன்று என் சம்சாரம் அந்த அறைக்குள் புகுந்து ஓர் அதிகாரியைப் போல வேலை வாங்கினாள். கட்டிலைத் தூக்கித் தலைமாடு கிழக்கே வரத் திருப்பிப் போட வைத்தாள். வெள்ளைத் துணி வேண்டாம் என்று தன்னுடைய சுங்கடிச் சேலையைக் கொடுத்தாள். விளக்கை எட்டத் தள்ளி வைக்கச் சொன்னாள். டாக்டர் அந்த மூக்குக் கிளிப்பையும் ரப்பர்க் குழாயையும் மகள் கையில் கொடுத்து, சத்திரத்தில் போட்டுப் பழகச் சொன்னார். அவள் அதைத் தன் மூக்கில் போட்டாள், அம்மா மூக்கில் போட்டாள். பூக்காரி ஒருத்தி பூ வேண்டுமா என்று கேட்க வந்தபோது அவளுக்கும் போட்டுவிட்டாள். கிளிப்போடு பேசினால் குரல் வாத்து மாதிரி வரும். அவள் சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று எனக்கு நினைவில்லை.

எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் போனது. இத்தனை ஆனபிறகு தைராய்டு என்று முதலில் சந்தேகப்பட்டதை மெய்யாக்கிக்கொள்ள டாக்டர் மிஷினை வேண்டுமென்றே குறைத்துக் காட்ட வைப்பாரோ? அதனால் மறுநாள் அவளை மறுபடி அளந்தபோது அறைக்குள்ளேயே நின்றேன். மிஷின்காரர் எதைத் தொட்டாலும், "இது எதுக்கு?" என்று கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டதும் மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, வாயிலிருந்த குழாய்மேல் விரலை வைத்துக் காட்டினாள். அந்த அறையில் நான் வாயை மூடியது அதற்குப் பிறகுதான்.

டாக்டர் மூன்று காகிதங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். என்னுடைய கோடு, அறுந்த இடம் வரைக்கும், கரையேறுகிற மாட்டு வண்டி மாதிரி மேலே போயிருந்தது. மகளின் முதல் கோடு குலுங்கிக் குலுங்கி அதற்கும் மேலே ஏறியிருந்தது. இரண்டாவது கோடு கண்மாய்க்கரை மாதிரி, ஏறவே மனசில்லாமல் படுத்துக் கிடந்தது. இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் அது புரியும்.

"இவ்வளவு குறைவா நான் அதிகம் பாத்ததில்ல. இந்தப் பொண்ணு எந்திரிச்சு நடமாடினதே பெருசு" என்றார் டாக்டர்.

என் மகள் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்ப நெசமாத்தான் வலிச்சிருக்கு" என்றாள். அவளுக்கே அதுவரை நிச்சயம் இல்லை போலிருக்கிறது.

மாத்திரை கொடுத்தார்கள். காய வைத்த சுரப்பியைப் பொடி செய்தது என்றார் டாக்டர்.

"எதோட சுரப்பி?"

"ஆட்டோடது."

"ஆடுதானா? மாடு இல்லையே?"

"புட்டியில எழுதியிருக்கு."

புட்டியை வாங்கிக்கொண்டு வந்து, பொன்னமராவதியில் தபாலாபீசில் ஒருவரிடம் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஒருவரிடம் காட்டினேன். பஸ் கம்பெனியில் ஒருவரிடம் காட்டினேன். ஒருவருக்கு மற்றவரிடம் காட்டியது தெரியாது. மூவரும் ஆடு என்றுதான் படித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் வாயில் முதல் மாத்திரை போனது.

அக்காள் வந்தாள். நான் அந்தக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். காகிதத்தில் பேனா கிறுக்கியதை வைத்துப் பேய் இல்லை என்று சொல்வார்களா என்று கேட்டாள். "சொன்ன வார்த்தை சொன்னதுதான்க்கா. ஒண்ணுமில்லேன்னு சொன்னாத்தான் கூட்டிட்டு வாரேன்னேன். இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றேன். மதுரையில் காலை வைத்ததும் மீனாட்சிக்குப் பயந்து அது ஓடியிருக்கும் என்று முடிவு செய்துகொண்டு அக்காள் ஊருக்குப் போனாள். போகும்போது பிள்ளைக்கு ஒரு தூக்குச் சட்டி நிறைய அதிரசம் வைத்துவிட்டுத்தான் போனாள்.

மாத்திரை உடனே கேட்கவில்லை. முதலில் நெஞ்சு படபடக்கிறது என்றாள், டாக்டர் அளவைக் குறைத்தார். பிறகு மெல்லக் கூட்டினார். வலி இடுப்பை விட்டது, தோளை விடவில்லை. ஏமாந்துவிட்டோமோ என்று புட்டியை எடுத்து எத்தனையோ தரம் குலுக்கிப் பார்த்திருக்கிறேன். மார்கழி வந்தது.

ஒருநாள் விடிகிற நேரத்தில் கொல்லையில் சத்தம் கேட்டது. வீட்டில் யாரும் எழவில்லை. அந்த மாதம் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் பித்தளைப் பாத்திரம் போயிருந்தது. கம்பை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் போனேன். கிணற்றடியில் பனிக்குள் ஓர் உருவம் கையைத் தலைக்குமேல் தூக்கிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

மகள் திரும்பினாள். "என்னப்பா, கம்போட நிக்கிறீங்க?"

"கள்ளன்னு நெனச்சேன்."

"கள்ளன் தண்ணியா எறைப்பான்?"

"நீ எதுக்கு இந்நேரத்துல எறைக்கிற? வலிக்கலையா?"

"வலிக்குது. ஆனா முடியுது. மூணு குடம் ஆச்சு, அம்மா எந்திரிக்கிறதுக்குள்ள தொட்டிய ரொப்பணும். நீங்க போய்ப் படுங்க."

நான் போகவில்லை. கையில் கம்போடு அங்கேயே நின்று, நாலாவது குடம் மேலே வருகிறதா, நடுவில் கயிற்றை விட்டுவிட்டு இடுப்பைப் பிடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.